894.811-க்கு ஓர் அலமாரி

பள்ளி நூலகத்தில் வேலை என்று சொன்னாலே, "சும்மா உட்கார்ந்து புத்தகம் படிக்கலாமே, கொடுத்து வைத்தவள்" என்பார்கள். கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் ஏழு வருடமாக நூலகராக இருக்கிறேன். வேலை நேரத்தில் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்த ஞாபகமே இல்லை. படிப்பதைவிட ஒட்டுவதுதான் அதிகம்: லேபல், பார்கோடு, கிழிந்த பக்கத்துக்கு டேப்.

அந்த ஒட்டுகிற வேலையிலேயே முதல் வருடம் மாட்டிக்கொண்டேன். ஜப்பானியப் புத்தகம் மேலிருந்து கீழாக அச்சிட்டதென்றால் வலப்பக்கத்திலிருந்து திறக்கும், நமக்குப் பின் அட்டை அவர்களுக்கு முன் அட்டை. இது தெரியாமல் வழக்கம்போலப் "பின் அட்டையில்" பார்கோடு ஒட்டிக்கொண்டே போனேன், நாற்பது புத்தகம் இருக்கும். மூன்றாம் வகுப்பு ஜப்பானியப் பையன் ஒருவன் ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "மிஸ், பூனையின் முகம் தெரியவில்லை" என்றான். சரியாக மூக்கின் மேல் ஒட்டியிருந்தேன்.

பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு முதுகில் தலைப்பு கீழிருந்து மேலே ஓடும், ஆங்கிலத்துக்கு மேலிருந்து கீழே. இரண்டும் கலந்து நிற்கிற தட்டு முன்னால் பிள்ளைகள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடுவதைப் பார்த்தால் தஞ்சாவூர் பொம்மைதான். டிசம்பர் விடுமுறையில் ஏர்கோனை நிறுத்திவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும், அப்புறம் இராமபாணப் பூச்சி. அதற்கெல்லாம் மொழி பேதம் கிடையாது.

ஆனால் என்னை உண்மையில் கடுப்பேற்றியது எண்கள். உலகத்தில் பாதிப் பள்ளி நூலகங்களைப் போல நாங்களும் டூயி தசமப் பகுப்பைத்தான் வைத்திருக்கிறோம். பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற, 1876-இல் அமெரிக்காவில் வந்த முறை. இலக்கியத்துக்கு 800. அதில் 810 அமெரிக்காவுக்கு, 820 ஆங்கிலத்துக்கு, பிறகு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ் என்று ஆளுக்குப் பத்து எண். 870 லத்தீனுக்கு, 880 கிரேக்கத்துக்கு. மிச்சமிருக்கிற உலகம் முழுக்க 890-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சீனம் 895.1. தமிழ் 894.811. இந்த நாட்டின் மொழியான மலாய் 899.28, அதாவது கடைசி வீட்டின் கொல்லைப்புறம். எங்கள் பள்ளியில் லத்தீன் பேசுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை, இருந்தாலும் லத்தீனுக்குப் பத்து அறை!

எண் நீளமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு தமிழ்ச் சிறுவர் கதைப் புத்தகம் பதினாறு பக்கம், ஸ்டேப்லர் அடித்தது, அதற்கு முதுகே கிடையாது. அதில் 894.811-ஐயும் கீழே எழுத்தாளர் பெயரின் மூன்று எழுத்தையும் எங்கே ஒட்டுவது? முன் அட்டையில்தான். வரிசையில் நிறுத்திவிட்டால் எண்ணும் தெரியாது, தலைப்பும் தெரியாது. புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதான். கணினியில் தேடலாம் என்றால் எங்கள் பழைய மென்பொருளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், அதனால் தலைப்பை ரோமன் எழுத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். "குழந்தை" என்று தேட வேண்டுமா, 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போட்டிருப்பார், இன்னொருவர் 'இசட் எச்'. நூலகர்களுக்கென்று உள்ள முறைப்படி 'எல்'லுக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். எந்தப் பிள்ளை அந்தக் கோட்டைத் தட்டப் போகிறது?

சரி என்று போன வருடம் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மொழிகளின் புத்தகங்களை எல்லாம் 800-லிருந்து பிடுங்கி, மொழிக்கு ஒரு தட்டு, ஒரு கலர் டேப் என்று தனியாக வைத்துவிட்டேன். தமிழுக்கு மஞ்சள். மெல்லிசுப் புத்தகங்கள் முகம் காட்டிக் கூடையில். நான் ஒன்றும் புரட்சி செய்யவில்லை, உள்ளூர் மொழிக்கு முன்னிடம் கொடுத்துக்கொள்ள டூயி முறையிலேயே வழி இருக்கிறது. இத்தனை வருடம் யாரும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

கொரியத் தட்டு ஒரே மாதத்தில் காலி. தமிழ்க்கூடை அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பாட்டி வீட்டோடு சரி. பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் நானே வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஒருநாள் கிள்ளான் பையன், "நான் இன்னும் பசியாறவில்லை" என்றான். சென்னைப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது டிபன் சாப்பிடுவது" என்று நான் விளக்கியதும், அவனுக்கு டிபன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதாயிற்று.

கூடையை உண்மையில் காலி செய்தவர் காவல்காரர். சாயங்காலம் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர் மஞ்சள் டேப் முன்னால் நின்றுவிட்டார். "ஏம்மா, நம்ம எழுத்தா இருக்கு, யாரும் எடுக்கறதில்லையா?" கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். "எடுத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தால், அவர் ஒப்பந்த நிறுவனத்து ஆள், அவருக்கு உறுப்பினர் அட்டையே போட முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல் என்பது அதில் இரண்டாவது. நூலகப் படிப்பில் அதைத்தான் மனப்பாடம் செய்தோம். மென்பொருள் எழுதியவர் செய்யவில்லை போல.

என் பெயரிலேயே பதிந்து கொடுத்துவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் கணக்கெடுப்பு. தவணை தாண்டியவர்கள் பட்டியலில் நூலகர்தான் முதலில் நிற்கிறாள், ஆறு புத்தகம். நேற்று கேட்டில் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். ஐந்து தயாராக இருக்கிறதாம். ஆறாவதைப் பேத்திக்கு ராத்திரி வாசித்துக் காட்டுகிறாராம், இன்னும் நாலு கதை பாக்கி.