உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸை ஓட வைத்த கதை

கோலாலம்பூர் செந்தூலில் அண்ணன் நடத்தும் மளிகைக் கடைக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். கடை லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. நன்றாக உழைக்கும் மெஷினைத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. லோயாட் பிளாசாவில் ரேம் வாங்கி 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டோம்.

இணையம், மின்னஞ்சல், பிரிண்டர் எல்லாம் உடனே சரியாகிவிட்டன. மிச்சம் இருந்தது பழைய கணக்கு மென்பொருள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதுவும் யூஎஸ்பியில் டாங்கிள் (மென்பொருளின் உரிமத்துக்கான சிறு சாதனம்) செருகியிருந்தால்தான் திறக்கும். யார் எவ்வளவு பாக்கி, எந்த சப்ளையருக்கு எத்தனை வெள்ளி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் உபுண்டுவுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் விண்டோஸ் 10-ஐ ஓட்டலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸுக்குப் போனேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளின் தளத்தில் உபுண்டு 24.04-க்கென்று இருக்கும் டெப் நிறுவல் கோப்பை இறக்கினேன், நிறுவினேன், ஐகானும் வந்தது. அதில் விண்டோஸுக்கென்று ஒரு மெய்நிகர் மெஷின் உருவாக்கி ஸ்டார்ட்டை அழுத்தினால் ‘கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை’ என்று ஒரு பெட்டி, கூடவே -1908 என்ற எண். நிறுவியதாகச் சொன்ன மென்பொருள் ஏன் இப்படிச் சொல்கிறது?

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தெளிவாகும். விர்ச்சுவல்பாக்ஸ் மற்ற ஆப் மாதிரி தனியாக ஓடுவதில்லை. விபாக்ஸ்டிஆர்வி என்ற மாட்யூல் (சிறு துணை நிரல்) இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் போய் உட்கார வேண்டும். நம் மெஷினில் எந்தக் கெர்னல் ஓடுகிறதோ, அதற்கென்றே அங்கேயே அதை உருவாக்க வேண்டும். அதற்கு ஜிசிசி, மேக், பெர்ல் என்ற கருவிகளும், ஹெடர்ஸ் எனப்படும் அந்தக் கெர்னலின் விவரக் கோப்புகளும் தேவை. பெட்டியில் சொன்னபடி விபாக்ஸ்கான்ஃபிக் கட்டளையை ரூட்டாக, அதாவது முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓட்டினேன். என்னென்ன பேக்கேஜ் இல்லை என்று அதுவே பெயர் சொன்னது. போட்டுவிட்டு மறுபடி ஓட்டியதும் மாட்யூல் உருவானது, ஆனால் ஏற்றிக்கொள்ளக் கெர்னல் மறுத்தது.

காரணம் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி. நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. “பயோஸில் அதை ஆஃப் பண்ணிடுங்க” என்றுதான் பலரும் சொன்னார்கள். பயோஸ் என்பது இயங்குதளம் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைப் பணம் புழங்கும் மெஷின். ஒரு மென்பொருளுக்காக ஏன் பாதுகாப்பைக் கழற்ற வேண்டும்? முறையான வழி இருக்கிறது. மாட்யூலில் கையெழுத்திட உபுண்டு உருவாக்கும் சாவியை மோக்யூடில் கட்டளையால் பதிவுக்கு அனுப்ப வேண்டும். அது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

உபுண்டு வருவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும், விட்டால் தானாகத் தாண்டிப் போய்விடும். அழுத்தியதும் வரும் பட்டியலில் முதல் வரி ‘கண்டினியூ பூட்’. அதில் என்டர் தட்டினால் பதிவாகாமலே உபுண்டு திறந்துவிடும். இரண்டாவது வரியான ‘என்ரோல் எம்ஓகே’தான் நமக்கு வேண்டியது. அப்புறம் கண்டினியூ, அடுத்து எஸ், பிறகு கடவுச்சொல். தட்டும்போது திரையில் எழுத்து எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். ரீபூட் ஆனதும் விபாக்ஸ்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஒரு முணுமுணுப்பும் இல்லை.

“என்னம்மா, திறக்குதா?” என்று கல்லாவில் இருந்து அண்ணன் கேட்டார். “இல்லண்ணே, ஆனா வேற பிழை வருது” என்றேன். எனக்கு அதுவே நல்ல செய்திதான். பிழை மாறுகிறது என்றால் முந்தைய சிக்கல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

புதுப் பிழை, மெய்நிகர் மெஷின்களை ஓட்ட உதவும் இன்டெல் சிப்பின் விடி-எக்ஸ் வசதி பயோஸில் அணைந்திருக்கிறது என்றது. பயோஸில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்ற வரியை இயக்கிச் சேமித்தேன், சுலபமான வேலை. உடனே அடுத்தது வந்தது: கேவிஎம்மை முடக்கு, கெர்னலைத் திரும்பக் கம்பைல் செய் (மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்கு), ரீபூட் செய்.

இதைப் படித்தால் புதிதாக வருகிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும். கெர்னலைக் கம்பைல் செய்யத் தேவையே இல்லை. கேவிஎம் என்பது மெய்நிகர் மெஷின்களை ஓட்ட லினக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் வசதி. கெர்னல் 6.12-இல் இருந்து அது மாட்யூல் ஏறியவுடனேயே விடி-எக்ஸைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. எங்கள் உபுண்டுவில் ஓடுவது 6.14. விடி-எக்ஸ் அணைந்திருந்த வரை கேவிஎம்மும் சும்மா இருந்தது. நான் இயக்கியதும் அது முந்திக்கொண்டது. உபுண்டுவைத் தொடக்கி வைக்கும் கிரப்பின் அமைப்பில், கெர்னலுக்கான கட்டளை வரிக்குள் ‘கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0’ என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தேன். ஜன்னலுக்குள் விண்டோஸ் நிறுவும் திரை வந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டாங்கிள் மட்டும் தெரியவில்லை. நம் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் யூஎஸ்பி பட்டியல் நிரம்பும். பட்டியலில் டாங்கிளைத் தேர்ந்ததும் மென்பொருள் திறந்தது, பாக்கிக் கணக்கு ஒரு காசு குறையாமல் இருந்தது.

உள்ளே இருக்கும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதன் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிட்டேன்; கணக்கு எழுத இணையம் எதற்கு? புதுக் கெர்னல் வரும்போது ஹெடர்ஸும் கூடவே வரும்படி பொதுப் பேக்கேஜைப் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் -1908 எட்டிப் பார்த்தால் விபாக்ஸ்கான்ஃபிக்கை ஒரு தடவை ஓட்டினால் போதும், சாவி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மாதக் கடைசியில் மெய்நிகர் மெஷினை முழுக்க ஷட்டவுன் செய்து, அதன் டிஸ்க் முழுவதும் அடங்கிய விடிஐ கோப்பை வெளி டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். நாளைக்கு இந்த லேப்டாப் கெட்டுப்போனாலும் வேறொன்றில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அந்தக் கோப்பை இணைத்து, டாங்கிளைச் செருகினால் கணக்கைத் தொடரலாம்.