பெங்களூரில் ஒரு வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பாடத்திட்டம் வகுத்த அனுபவம்

பெங்களூரில் தமிழ் பேசுவோருக்குக் குறைவில்லை. தமிழைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளிகள்தாம் குறைவு. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். மிச்சமிருக்கும் இடத்தை இந்தி எடுத்துக்கொள்கிறது. ஒயிட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டு மொழியைப் பள்ளியில் எழுத்தாகப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்தலாம் என்று பெற்றோர் சிலர் முடிவு செய்தபோது, பள்ளியில் நெடுங்காலம் மொழியாசிரியராக இருந்தவள் என்பதால், பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இடம், நேரம், கட்டணம் எல்லாம் ஒரே கூட்டத்தில் முடிந்துவிட்டன. எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது என்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது.

கையில் கிடைத்த பாடநூல்களை முதலில் பார்த்தோம். தமிழ்நாட்டரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகம், வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு எழுத்தறிவு தருவதற்காக எழுதப்பட்டது. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், வெளிநாட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவாக்கிய மழலைக் கல்விப் பாடங்கள் பாட்டுக்கும் படத்துக்கும் உதவின. மைசூரிலுள்ள இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மையம் தமிழைப் பிற மொழியாசிரியர்களுக்குப் பத்து மாத முழுநேரப் பயிற்சியாகக் கற்பிக்கிறது. அந்த மரபில் வந்த பாடநூல்கள் ஒன்றும் தெரியாத பெரியவர்களுக்கானவை. எங்கள் பிள்ளைகளோ தமிழைப் புரிந்துகொள்கிறார்கள், பேசுவதில்லை. கன்னடத்தை வாசிக்கிறார்கள், தமிழை வாசிப்பதில்லை. இந்த நிலைக்குப் பொருந்தும் புத்தகம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே, எழுதத் தொடங்குமுன், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைக் கேட்டறிவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு பிள்ளையுடனும் தனியாக உட்கார்ந்து, படங்களைக் காட்டிப் பேச்சுக் கொடுத்து, பெற்றோரின் ஒப்புதலோடு பதிவு செய்தேன். 'அந்தத் தட்டை எடுத்து மேசை மேல வை' என்றால் உடனே எடுத்து வைத்தார்கள். 'நேத்து மாமா வீட்டுக்குப் போனப்ப என்ன நடந்துச்சு?' என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது, அல்லது சிரிப்பு வந்தது. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள வீட்டில் பிள்ளையின் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி ஏவல்தான்: சாப்பிடு, வா, ஷூ போடு, போனைக் கீழே வை. நடந்ததைச் சொல்வதும், காரணம் கேட்பதும், கதை அளப்பதும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. இதன் இன்னொரு விளைவு, பிள்ளைகள் பாட்டியையும் 'நீ, வா, உட்காரு' என்றே அழைப்பது. அதை மரியாதைக் குறைவு என்று வருத்தப்படுகிறார்கள் பெரியவர்கள். தன்னை நோக்கிச் சொல்லப்பட்ட வடிவத்தைத்தானே பிள்ளை திருப்பிச் சொல்ல முடியும்?

பாடத்திட்டத்தின் வரிசை இந்தக் கேட்டறிதலிலிருந்தே பிறந்தது. நிறங்கள், பழங்கள், விலங்குகள் என்று பெயர்ப்பட்டியலில் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதல் அலகை 'நீங்க, வாங்க, உட்காருங்க' என்பதில் வைத்தோம். இரண்டாவது அலகு 'நேத்து என்ன செஞ்சேன்' என்பது. வீடு தருவதை வகுப்பும் தர வேண்டியதில்லை, வீடு தராததைத் தந்தால் போதும் என்பதுதான் எங்கள் அளவுகோல்.

அடுத்தது, எவ்வளவு எட்ட முடியும் என்ற கேள்வி. ஆங்கிலம் பேசும் ஒருவர் தமிழில் அலுவல் நடத்தும் திறன் பெற ஏறத்தாழ 44 வாரங்களும் 1100 வகுப்பு மணி நேரமும் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. அது பெரியவர்களுக்கான முழுநேரப் பயிற்சியின் கணக்கு என்றாலும், அளவு தெரிகிறது. எங்களுக்குக் கிடைப்பது வாரம் ஒன்றரை மணி நேரம். தேர்வுகளையும் விடுமுறைகளையும் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 45 மணி நேரம். இதை வைத்துக்கொண்டு 'தமிழ் இலக்கியத்தில் ஆர்வம் ஊட்டுதல்' என்று நோக்கம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. மொழித்திறன் படிநிலைகளை அயல்மொழிக் கற்பித்தலுக்கான அமெரிக்காவின் ஆக்ட்ஃபெல் அமைப்பு 1986-லும், ஐரோப்பிய மன்றம் 2001-லும் வெளியிட்டன. கற்பவர் எதைச் செய்ய வல்லவர் என்று விவரிக்கும் அந்த முறையை எடுத்துக்கொண்டு, ஆண்டு இறுதியில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சில வாக்கியங்களாக மட்டும் எழுதினோம். ஊரிலிருக்கும் பாட்டியிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம், ஆங்கிலத்துக்குத் தாவாமல், அந்த வாரம் நடந்ததைச் சொல்வது அவற்றுள் ஒன்று. ஓசூர் சாலையில் போகும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஊர்ப்பெயரை வாசிப்பது இன்னொன்று. இலக்கை எழுதிய பிறகே பாடங்களைப் பின்னிருந்து முன்னாக அமைத்தோம்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற கேள்வியில்தான் பெற்றோர் கூட்டம் சூடானது. முதலாண்டு முழுவதும் வாய்மொழிப் பாடங்கள் பேச்சுத் தமிழிலேயே இருக்கும் என்று நான் சொன்னபோது, ஒரு பெரியவர் எழுந்து, "கொச்சையாப் பேசுறதுக்கு வகுப்பு எதுக்கும்மா? அதை வீட்லயே கத்துக்குவாங்களே" என்றார். வீட்டில் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்குப் பதிவுகளே சான்று என்று சொல்லி, பெயர் நீக்கிய பகுதிகள் சிலவற்றை ஒலிக்கவிட்டேன். அதற்குப் பிறகு விவாதம் அடங்கியது. ஆனால் எந்த ஊர்ப் பேச்சு? கோவை, மதுரை, நெல்லை, வேலூர் என்று பல ஊர்க்காரர்கள் இருக்கும் இடத்தில் 'வந்துடுச்சு', 'வந்திருச்சு', 'வந்திடிச்சு' மூன்றும் சரியே. ஒலிப்பதிவுகளில் ஒரு பொதுவடிவத்தை மட்டும் வைப்பது, பிள்ளை தன் வீட்டு வடிவத்தைச் சொன்னால் திருத்தாமல் ஏற்பது என்று ஆசிரியர் குறிப்பில் எழுதிவைத்தோம்.

எழுத்து வடிவத்தை முற்றிலும் தள்ளிவைக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்புக்கென்று ஒரு பகுதி உண்டு; அதில் முதலில் வரும் சொற்கள் அப்பா, பாட்டி, மாமா, பால், படம், பாடம், மரம் போல இரு வழக்கிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பவை. 'படிச்சேன்–படித்தேன்', 'வச்சேன்–வைத்தேன்', 'அஞ்சு–ஐந்து' போன்ற இணைகளை இரண்டாம் ஆண்டில் ஒழுங்கான மாற்றங்களாகக் காட்டலாம் என்று வைத்தோம். ஒழுங்கு தெரிந்தால் பிள்ளைகள் அதை ஒரு புதிர்போல விரும்பிச் செய்கிறார்கள்.

எழுத்துகளின் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 247 எழுத்துகளை நெடுங்கணக்கு வரிசையில் மனப்பாடம் செய்யவைத்தால், பிள்ளை இரண்டாவது மெய்யாகவே 'ங' என்னும் எழுத்தைச் சந்திக்கிறது. அதைக்கொண்டு தொடங்கும் சொல் எதையும் அது வாசிக்கப்போவதில்லை. ட, ப, ம என்று வடிவம் எளிதாக உள்ளவற்றில் தொடங்கும் முறை பழையதுதான், அதையே பின்பற்றினோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் கன்னடக் காகுணிதம், அதாவது கன்னட உயிர்மெய் வரிசை, அறிந்தவர்கள். மெய்யோடு உயிர்க்குறி சேரும் கருத்தை அவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் தடுக்கியது வேறு இடத்தில்: கன்னடத்தில் எந்த உயிர்க்குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் வராது, தமிழில் கெ, கே, கை என்று குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பள்ளியில் படிக்கும் இந்தி இங்கே கைகொடுத்தது. இந்தியின் இகரக் குறியும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பதுதான் என்று காட்டியதும் பலருக்குப் பிடிபட்டது. சேலம், வேலூர் என்ற பேருந்துப் பலகைகளை இந்தப் பாடத்துக்கே வைத்தோம்.

கன்னடத்தில் தனித்தனி எழுத்துகளாக உள்ள வல்லின ஒலிகளுக்குத் தமிழில் ஓரெழுத்தே இருப்பதும் கேள்விகளை எழுப்பியது. சொல் முதலில், இரட்டித்த இடத்தில், மெல்லினத்தை அடுத்து, இரு உயிர்களுக்கு இடையில் என்று இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவதைப் படம், பட்டம், கம்பம், கோபம் ஆகிய சொற்களைச் சத்தமாக வாசிக்கவைத்தே காட்டினோம்; 'பீன்ஸ்' போல இந்த ஒழுங்கை மீறும் கடன்சொற்களை முதலாண்டில் சேர்க்கவில்லை. இடையில் ஒரு பாட்டி, பயிற்சித்தாளிலிருந்த 'லை'யை அடித்துவிட்டு, 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத்தும்பிக்கை வடிவத்தைப் போட்டுப் பேரனிடம் அனுப்பியிருந்தார். அந்தத் தாளை வகுப்பிலேயே காட்டினேன். பழைய கடிதங்களை வாசிக்க உதவும்.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் வைக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வகைப் பேச்சைப் பதிவு செய்து, பாடம் நடத்தாத இருவர் தனித்தனியாகக் கேட்டு, பிள்ளை நடந்ததைச் சொல்கிறதா, எதிரிலிருப்பவருக்கேற்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறதா என்று குறிக்கிறார்கள். 'நீங்க' விரைவில் படிந்துவிட்டது. இறந்தகாலம் மெதுவாகத்தான் வருகிறது. 'போனேன், வந்தேன், சாப்பிட்டேன்' என்று ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், அதற்கு இன்னும் சில வாரங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு குழுவினர் பாடத்திட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டோம், ஆனால் அலகுகளின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தங்கள் பிள்ளைகளின் பேச்சை முதலில் பதிவு செய்து கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். அங்கே வருபவர்களில் பலர் தலைமுறைகளாக இந்நகரத்தில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் கதை சொல்வதில் தடுமாற மாட்டார்கள், வாசிப்பில்தான் உதவி தேவைப்படும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எங்கள் இரண்டாம் அலகு அவர்களுக்கு வேண்டியிருக்காது.