வாட்ச்சும் மிதிவண்டிப் பூட்டும்

நாற்பது நிமிடங்கள் மிதிவண்டி ஓட்டிவிட்டு வியர்வையோடு இறங்கியபோது, என் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் காட்டிய அடிகள் வெறும் 212. கைப்பிடியைப் பற்றிய கை அசையாமல் இருப்பதால், கைவீச்சை வைத்து அடிகளை எண்ணும் அந்தக் கருவியைப் பொறுத்தவரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். ஒரு நாளைக்கு 10,000 அடிகள் என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது என்று அறிந்த பிறகு, அந்த எண்ணை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இதயத் துடிப்பைத்தான் பார்க்கிறேன்; பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சும் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் மாறுவதைக் கொண்டு கணக்கிடப்படும் அது, பட்டையை இறுக்கிக் கட்டினால் ஓரளவு நம்பத்தக்கது.

வண்டியின் பாதுகாப்பு தனிக்கதை. இருக்கைக்கு அடியில், பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பிளின் சிறு வில்லையான ஏர்டேக் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதில் ஜிபிஎஸ் கிடையாது. அருகே கடந்து செல்லும் ஐபோன்கள் அதன் புளூடூத் சமிக்ஞையைப் பிடித்து இருப்பிடத்தைத் தெரிவித்தால்தான் உண்டு. தவிர, யாரையும் ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாடாக, அறியாத டேக் ஒன்று உடன் வருகிறது என்ற எச்சரிக்கை திருடனின் போனுக்கே போய்விடக்கூடும் (திருடனுக்கு இவ்வளவு மரியாதையா!). ஆகவே பழையபடி யு வடிவப் பூட்டுக்கே திரும்பியிருக்கிறேன். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டினால், சக்கரத்தைக் கையாலேயே கழற்றக்கூடிய வண்டிகளில் அந்தச் சக்கரம் மட்டுமே நமக்கு மிஞ்சும் என்பதால், சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்தே பூட்டுகிறேன். அந்தக் கனத்த பூட்டைச் சுமப்பதால் எரியும் கலோரியையும் என் வாட்ச் கணக்கில் சேர்ப்பதில்லை.