ஹாப் சோடா: பாளையங்கோட்டையில் ஆறு தடவை போட்டுப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பீர் காய்ச்சின கதை இல்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் வந்து நிற்கும், அந்த வம்பே வேண்டாம். நான் போட்டது ஹாப் சோடா. ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்கிற பீருக்கு அந்தக் கசப்பையும் வாசனையையும் கொடுக்கிற ஹாப் பூவை மட்டும் தண்ணீரில் இறக்கி, வடிகட்டி, கேஸ் ஏற்றிக் குளிரக் குளிரக் குடிப்பது. மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கிடையாது, ஈஸ்ட் கிடையாது, போதையும் கிடையாது. ஒன்றரை வருடத்தில் ஆறு தடவை போட்டேன், அதில் பாதிக்கு மேல் வாஷ்பேசினுக்குத்தான் போனது.

ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2013ல் பெங்களூர் வேலைக்குப் போகிற வரைக்கும் எனக்குப் பீர் என்றால் டாஸ்மாக் ஸ்ட்ராங் லாகர்தான், நாக்கில் படாமல் நேரே தொண்டையில் ஊற்றுகிற சாமான். இந்திராநகரில் ஒரு மைக்ரோபிரூவரியில் ஆபீஸ் நண்பன் ஒரு ஐபிஏ வாங்கிக் கொடுத்தான். ஒரு வாய்தான் குடித்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஆச்சி மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே நிலவேம்புக் கஷாயம், அதற்குக் காசு வேறு கொடுக்கிறார்களா என்று தோன்றியது. மீதியை அவன்தான் குடித்தான்.

ஆறே மாதத்தில் கதை மாறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நம் ஊர்க்காரனுக்குக் கசப்பு ஒன்றும் புதுசு இல்லை. அதலைக்காய், பாகற்காய், மிதுக்க வத்தல், வேப்பம்பூ ரசம் எல்லாம் தட்டில் பார்த்தே வளர்ந்தவர்கள். அது நுரையோடு, கண்ணாடி டம்ளரில், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு வந்ததுதான் புதுசு. பழகினதும் போட்டி ஆரம்பித்தது. சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள், ஐபியூ 40, 60, 70 என்று. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்பு அமிலம் என்கிற கணக்கு, தோராயமாக. நான் அதைப் பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய எண்ணோ அவ்வளவு பெரிய ஆள்.

அமெரிக்காவில் இந்தக் கிறுக்கு எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே பிடித்துவிட்டது. கேஸ்கேட் என்ற ஹாப் ரகம் 1972ல் வந்தது, அதைப் போட்டு சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கர் கம்பெனி 1975ல் லிபர்ட்டி ஏல் காய்ச்சியது, 1980ல் சியரா நெவாடா பேல் ஏல், 1994ல் வின்னி சிலுர்சோ என்ற கலிபோர்னியாக்காரர் காய்ச்சின டபுள் ஐபிஏ, அதாவது ஹாப்பும் போதையும் இன்னும் கூடினது. அப்புறம் இரண்டாயிரங்கள் முழுக்க யார் அதிகம் கசக்க வைப்பது என்பதுதான் பந்தயம். பெங்களூரில் நாங்கள் பிடித்தது அந்தப் பந்தயத்தின் வாலை.

2018, 2019 வாக்கில் பார்த்தால் டம்ளரில் ஐப்பசி வெள்ளம் மாதிரி ஒன்று வருகிறது. கலங்கல். ஹேஸி ஐபிஏ என்றார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹெடி டாப்பர் என்ற பீரை வடிகட்டாமலே 2011லிருந்து டின்னில் அடைத்து விற்றுப் பிரபலமாக்கினார்கள், 2018ல் அங்கே கிராஃப்ட் பீர்க்காரர்களின் சங்கமே தனி வகை என்று ஏற்றுக்கொண்டது. ஓட்ஸும் கோதுமையும் சேர்த்துக் கொழகொழவென்று, கசப்பே தெரியாமல், மாம்பழச் சாறு மாதிரி இருக்கும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இத்தனை வருடம் கசப்பைப் பழகினது இதற்கா என்று. அப்புறம் ஒரு வருடம் அதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அது அல்வா கணக்கு. முதல் வாய் சொர்க்கம், இரண்டாவது டம்ளரில் திகட்டிவிடும். நடுவில் புரூட் ஐபிஏ என்று ஒன்று வந்தது, என்சைம் போட்டு இனிப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு வறட்டு வறட்டென்று இருக்கும், பெயரைப் படித்து முடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது. கடைசியில் எல்லோரும் தெளிவான, சுருக்கென்று கசக்கிற பழைய வெஸ்ட் கோஸ்ட் (அமெரிக்க மேற்குக் கரைப் பாணி) ஐபிஏ பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அந்த நேரம் பார்த்து 2021ல் பாளைக்கே வந்துவிட்டேன். இங்கே ஐபிஏவுக்கு எங்கே போக?

ஹாப்பைப் பெங்களூர் நண்பன் வாங்கி அனுப்பினான். சிட்ரா ரகம், 100 கிராம், காற்றெடுத்து ஒட்டின வெள்ளி உறையில். பூவாக இருக்காது, அரைத்து அழுத்திய பச்சைக் குச்சித் துண்டுகள். உறையைப் பிரித்ததும் அடுக்களை முழுக்க எலுமிச்சைத் தோலும் பச்சை மாங்காயும் கலந்த ஒரு வாசம், கூடவே லேசாகப் பூண்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னல இது, ஆட்டுப் புழுக்க கணக்கா இருக்கு?” என்றாள். அந்தப் பெயர்தான் இன்றுவரை வீட்டில் நிலைத்திருக்கிறது.

முதல் தடவை பீர் காய்ச்சுகிற முறையையே அப்படியே செய்தேன். 3 லிட்டர் தண்ணீர், 15 கிராம் ஹாப், ஒரு மணி நேரம் தளதளவென்று கொதி. பால் காய்ச்சுகிற சட்டியில்தான். இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை: 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஆல்சாப் கம்பெனி லண்டன் ஹாட்ஜ்சன் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பின பீரைப் பார்த்துக் காப்பி அடித்தபோது, முதல் சாம்பிளை ஒரு டீ கெண்டியில்தான் போட்டுப் பார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஹாட்ஜ்சன் பீர் அதற்கு முப்பது நாற்பது வருடம் முன்னாலிருந்தே கும்பெனிக் கப்பல்களில் ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியா வந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையிலேயே கும்பெனிப் படை கூடாரம் போட்டிருந்த காலம் அது. சரி, என் சட்டிக்கு வருவோம். வடிகட்டி ஆற வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கு இரண்டு மணி நேரத்துக்கு மரத்துப் போனது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், காகிதத்தில் ஐபியூ 150ஐத் தாண்டுகிறது. அதைத் தாங்குவதற்குப் பீரில் மால்ட் இனிப்பு இருக்கும், இங்கே வெறும் தண்ணீர். வாசனை? ஒரு பொட்டு இல்லை.

அம்மா ஒரு ஸ்பூன் ருசி பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுச் சொன்னதுதான் இந்த ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம்: “ரசத்த யாராவது ஒரு மணி நேரம் கொதிக்க விடுவாவளால? நுரை கூடுத நேரத்துல இறக்கிர வேண்டாமா? மணமெல்லாம் ஆவியாப் போயிருச்சு பாரு.”

அவ்வளவுதான் விஷயம். ஹாப்பில் இருக்கிற ஆல்ஃபா அமிலம் கொதிக்கக் கொதிக்கத்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும், வாசனை எண்ணெய்கள் அதே கொதியில் பறந்துபோகும். அமெரிக்காக்காரன் வெஸ்ட் கோஸ்டிலிருந்து ஹேஸிக்குப் போன பாதையும் இதுதான், ஹாப்பைக் கொதியின் ஆரம்பத்தில் போடுவதை விட்டுவிட்டு, இறக்கின பிறகும் ஆறின பிறகும் போட்டான். நாம் கொத்தமல்லித்தழையை எப்போது போடுகிறோமோ அப்போது.

இரண்டாவது தடவை அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்குக் கீழே வந்ததும் போட்டு இருபது நிமிடம் மூடி வைத்தேன். வாசனை வந்தது, ஆனால் நாக்கின் ஓரத்தில் வாழைக்காய்த் துவர்ப்பு. காரணம் தண்ணீரின் காரத்தன்மை, பீரில் இருக்கிற புளிப்பு வெறும் தண்ணீரில் இல்லை. அதுபோக நான் எடுத்தது போர் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரை விட்டால் நாலு இலக்கம் காட்டுகிறது. குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில் அதே மீட்டர் மூன்று இலக்கத்தைத் தொடவே யோசித்தது. தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று ஊரில் எல்லோரும் சொல்வதை இதுநாள்வரை சும்மா பெருமை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஆற்றுத் தண்ணீர். புளியங்குடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, பிஹெச் தாளில் 4க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு ஹாப் போட்டேன். (இது ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பில்லாமல், ஆல்கஹாலும் இல்லாமல் பாட்டிலில் அடைத்து வைத்தால் கெட்ட கிருமி வளரும். 4.6க்கு மேல் விடவே கூடாது, ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்கவும் கூடாது.) ருசி நன்றாகவே இருந்தது. கெடுத்தது கேஸ் ஏற்றும்போது. தெரிந்த சோடா கம்பெனி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். வேட்டித் துணியில்தான் வடிகட்டியிருந்தேன், பொடிப் பொடியாக ஹாப் தூள் மிச்சம் இருந்திருக்கிறது. கோலியை அமுக்கினதும் பாட்டிலில் பாதி அண்ணாச்சி சட்டையில். தூள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு கேஸ் குமிழ் கிளம்பும், அதுதான் காரணம். “என்ன சாமான் தம்பி போட்டிய, தீவாளி புஸ்வாணம் கணக்கா அடிக்கு?” என்றார். திட்டவில்லை, அதுவே பெரிய விஷயம். அதற்கப்புறம் காபி ஃபில்டர் தாளில் இரண்டு தடவை வடிகட்டாமல் அவரிடம் போவதில்லை.

நான்காவது முழுக்கக் குளிரில். சூடே காட்டாமல் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் ஊற வைத்தது. புல்லுக்கட்டை நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாவதுதான் முதல் தடவையாக வீட்டில் எல்லோரும் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தது. லிட்டருக்கு 2 கிராம், 75 டிகிரி, இருபது நிமிடம், எலுமிச்சை, இரட்டை வடிகட்டல். மாம்பழமும் நார்த்தங்காயும் சேர்ந்த வாசனை. ஆனால் மூன்றாவது நாள் எனக்கு அதே பழைய திகட்டல், அதுவும் ஒரு பொட்டுச் சர்க்கரை இல்லாத தண்ணீரில்! வாசனை மட்டும் இருந்து அடியில் கசப்பு இல்லாவிட்டால் நாக்குக்குப் பிடிமானம் இல்லை போலிருக்கிறது.

அதனால் ஆறாவதில் கொஞ்சம் பின்னால் போனேன். 5 லிட்டருக்கு ஒரு கிராம் மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மீதி 10 கிராமை இறக்கின பிறகு போட்டேன். இன்னொரு வேலையும் செய்தேன். பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) ஏராளம், லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேலே சல்பேட் சொல்வார்கள், அங்கே ஐபிஏ சுருக்கென்று இருந்ததற்கு அதுதான் காரணம். நம் ஆறு அல்வாவுக்குத்தான் லாயக்கு, இதற்கு ரொம்ப மெது. டோஃபு செய்யப் போடுகிற உணவுத்தர ஜிப்சம் ஒரு கிராம் கரைத்தேன், லிட்டருக்குச் சுமார் 110 மில்லிகிராம் சல்பேட் ஏறும். குடித்து முடித்ததும் கசப்பு சட்டென்று வெட்டிக்கொண்டு நின்றது, நாக்கில் இழுபடவில்லை. இது ஜிப்சத்தாலா, அந்த ஒரு கிராம் கொதியாலா என்று பிரித்துப் பார்க்க ஏழாவது தடவை ஜிப்சம் இல்லாமல் போட வேண்டும்.

அண்ணாச்சிக்கு நாலு பாட்டில் கொடுத்தேன். மறுநாள் கேட்டால், “வேப்பம்பூ சோடா கொள்ளாம். ஆனா உப்பு போட மறந்துட்டிய” என்கிறார். உப்பு என்றால் குளோரைடு, அது ஹேஸிக்காரன் வழி. அவரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை, ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

கையில் இன்னும் முப்பது கிராம் சொச்சம் இருக்கிறது. ஃப்ரீசரில் நெத்திலிக்கு அடியில், அம்மா கையால் “புழுக்க” என்று எழுதின டப்பாவில்.