ஏகாஸ் அழைப்புக்குக் காத்திருக்கும் அக்டோபர், 2024

அக்டோபர் 7, திங்கள்
பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவேட்டைப் பார்த்தேன். என்னை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டுப் பணம் தராத, நான் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கும் நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அக்டோபர் 8
வேலைத் தகராறுகளில் இரு தரப்புக்கும் நடுவே பேசும் பொது அமைப்பான ஏகாஸின் சமரச அதிகாரி பேசினார். நிறுவனம் தர முன்வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 9,000 பவுண்டாம். மறுபடி கணக்குப் போட்டேன். வயது 46, முழுதாக முடிந்த பணி 9 வருடம். 41 வயதுக்குப் பிந்தைய 5 வருடத்துக்கு ஒன்றரை வாரம் வீதம் ஏழரை, மீதி 4 வருடத்துக்கு ஒரு வாரம் வீதம் நான்கு. ஆக பதினொன்றரை வாரம். வாரச் சம்பளம் 620, இந்த ஆண்டு உச்சவரம்பான 700-க்குள்தான். ஆட்குறைப்பு இழப்பீடு 7,130. ஐந்து வாரச் சம்பள பாக்கி 3,100. வருடத்துக்கு ஒரு வாரம் என்று 9 வார நோட்டீஸ் பணம் 5,580. மொத்தம் 15,810.

இதில் குறைக்க நியாயம் இருப்பது நோட்டீஸ் பணத்தில் மட்டும். அந்த 9 வாரத்துக்குள் வேறு வேலையில் வந்த 1,200 கழியும். மீதி 14,610. ஆட்குறைப்புத் தொகையில் ஒரு பவுண்டுகூட விட முடியாது.

அக்டோபர் 9
தூக்கம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி
14,000, ஆனால் மூன்று தவணை. தொகை பரவாயில்லை, தவணைதான் பயம். நடுவில் நிறுவனத்தின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பித்துவிட்டால்? நீங்கிய பிறகு வழக்குப் போட ஆளே இல்லை, முதலில் நிறுவனத்தைப் பதிவேட்டில் மீட்க வேண்டும். முறையாகத் திவாலானாலாவது தேசியக் காப்பீட்டு நிதி ஆட்குறைப்பு இழப்பீட்டையும் 8 வாரம் வரையிலான சம்பள பாக்கியையும் தரும். வெறும் பெயர் நீக்கம் திவால் ஆகாது. கெஜட்டில் அறிவிப்பு வந்த உடனே, தீர்ப்பாய வழக்கின் நகலோடு ஆட்சேபம் அனுப்பினால் நீக்கம் நிற்கும். பதிவேட்டில் மாற்றம் வந்தால் சொல்லும் மின்னஞ்சல் எச்சரிக்கை இலவசம், போட்டாயிற்று. இருந்தாலும் நானும் பார்க்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்
பதிவேடு: மாற்றமில்லை.

ஏகாஸ் வழியாகச் செய்யும் சமரச ஒப்பந்தமான சிஓடி-3-இன் வரைவு வந்தது. மொத்தமாக ஒரே தொகை போட்டிருக்கிறார்கள். பிரித்து எழுதச் சொன்னேன்: ஆட்குறைப்பு இழப்பீடு 30,000 பவுண்ட் வரை வரியில்லாதது, சம்பளத்துக்கும் நோட்டீஸ் பணத்துக்கும் வரி பிடிப்பார்கள். பிரிக்காவிட்டால் எல்லாவற்றிலும் பிடித்துவிட்டுப் போவார்கள். ஒரு தவணை தவறினால் மீதி முழுதும் அன்றே தர வேண்டும் என்ற வரி இல்லை. அதுவரை சேர்ந்த ஓய்வூதிய உரிமை இதில் அடங்காது என்ற வரியும் இல்லை.

தொலைபேசியில் கவனம். சிஓடி-3-க்குக் கையெழுத்து வேண்டியதில்லை. இரு தரப்பும் ஏகாஸிடம் வாயால் சம்மதித்தாலே கட்டுப்படுத்தும். "எழுத்தில் எல்லாவற்றையும் பார்க்கும்வரை சம்மதம் இல்லை" என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறேன்.

அக்டோபர் 15
மாற்றமில்லை.

அக்டோபர் 16, புதன்
இரண்டு தவணைக்கு இறங்கினார்கள். தொகை பிரித்தாயிற்று, தவறினால் முழுதும் என்ற வரியும் வந்துவிட்டது. ஆனால் கையெழுத்தான அன்றே வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமாம். முடியாது. வாபஸ் வாங்கித் தள்ளுபடி ஆன கோரிக்கையை மறுபடி எழுப்ப முடியாது. கடைசித் தவணை வங்கிக் கணக்கில் ஏறி 7 நாளுக்குள் வாபஸ், அதற்கு முன் இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே பணம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதில் என்ன நஷ்டம்?

அக்டோபர் 17
பதிவேட்டில் புதிதாக ஒரு ஆவணம். இயக்குநர் ஒருவர் விலகியிருக்கிறார். முதல் தவணையைப் பெரிதாக்கக் கேட்க வேண்டும், 10,000-மாவது. சமரச அதிகாரி மூன்றரை மணிக்குக் கூப்பிடுவார்.