கசிவு இல்லை, குளிர்

காலை 6 மணி. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆய்வகம். சிலிண்டரின் அழுத்தத்தை வயர்லெஸ் சென்சார் திரைக்கு அனுப்புகிறது. திரையில் நைட்ரஜன் சிலிண்டர் 134 பார் (அழுத்தத்தின் அலகு). நேற்று மதியம் 140.

"லீக் ஆகுதுங்க சார்!" கையில் ஸ்பேனர் வந்துவிட்டது.

பொறுங்க. சிலிண்டர் நிற்பது தகரக் கொட்டகையில். மதியம் 35 டிகிரி, விடியற்காலை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் 23. அந்த 12 டிகிரிக்கே 5, 6 பார் இறங்கும், வெயில் ஏறினால் திரும்ப ஏறும். நாளை இதே வெப்பநிலையில் பாருங்க, அப்பவும் குறைந்தால் தேடுங்க.

தேடும்போதும் அழுத்தத்தோடு நட்டை முறுக்கவே கூடாது. வால்வை மூடி, லைனில் அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று அரை மணி நேரம் பாருங்க. இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி இடத்தைக் குறித்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு முறுக்குங்க. ஆக்சிஜன் லைனுக்கு எண்ணெய்ப்பசை இல்லாத கரைசல் மட்டும்தான்.

எனக்கு இதைவிடப் பயம் அசையாமல் நிற்கும் எண். சென்சார் செத்தாலும் சில திரைகள் கடைசி அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அளவுக்குப் பக்கத்தில் அது கடைசியாக வந்த நேரத்தைப் பாருங்க.

சென்சாரின் பேட்டரி 3.6 வோல்ட் லித்தியம். சும்மா மல்டிமீட்டர் வைத்தால் தீரும்வரை நல்லதாகவே காட்டும். சுமை கொடுத்து, அதாவது மின்சாரம் இழுக்க வைத்து அளக்கணும். மாற்றிய தேதியை மேலேயே எழுதி ஒட்டுங்க.

பேட்டரி புதுசு, சிக்னல் மட்டும் இல்லையா? ஆன்டெனாவுக்கு முன்னால் யாராவது இரும்பு பீரோவை நகர்த்தியிருப்பாங்க.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு மட்டும் இந்த அழுத்த அளவை நம்பாதீங்க. உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் 57 பாரிலேயே நிற்கும். தராசில் வைத்துத்தான் மீதி தெரியும்.