கிணற்றடியிலிருந்து திரும்பிய பின்

2024 ஜனவரி 6, சனிக்கிழமை

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், நவம்பர் 14 அன்று, மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என் இதயம் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில், இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்ததாகவும் பிறகு ஒரு ஸ்டென்ட் பொருத்தியதாகவும் எழுதியிருக்கிறார்கள். இடையில் நான் எங்கே இருந்தேன் என்பது அந்தத் தாளில் அடங்காத விஷயம்.

நான் என் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது, உருளை கிரீச்சிட்டது, வாளி நிறைந்து மேலே வந்தது, ஆனால் இறைப்பவர் யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பயம் இல்லை, அவசரம் இல்லை, செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கியில்லை. அவ்வளவுதான். ஒளியோ சுரங்கமோ தெய்வமோ இல்லை. அது மூளையின் வேலையா, வேறு ஏதாவதா என்ற வழக்கை நடத்துவதற்காக நான் இதை எழுதத் தொடங்கவில்லை. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவனுக்கு அந்த வழக்கில் ஆசை இருக்க வேண்டும்தான், வியப்பாக, இல்லை. திரும்பி வந்த பிறகு எனக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நடப்பவற்றைத்தான் குறித்துவைக்க நினைக்கிறேன்.

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை

மாதாந்திரப் பரிசோதனைக்குச் சென்றபோது கிணற்றைப் பற்றி மருத்துவரிடம் சொன்னேன். பிராணவாயு குறையும்போது மூளை இப்படியெல்லாம் செய்யும் என்று அன்பாகச் சொல்லிவிட்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார். கீழ்வீட்டு அக்காவோ, நான் திரும்பி வந்த வாரமே, "எமதூதர்களைப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அவருடைய கேள்வி ஒன்றும் விந்தையானதல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் ஆய்வாளர் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் வெளியிட்ட, மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்ட இந்தியர்களின் பதினாறு அனுபவங்களில், தூதர்கள் வந்து அழைத்துச் செல்வதும், ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவர் ஆள் மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் அரசு அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எமலோகத்திலும் பெயர்க் குழப்பம் இருப்பது இயல்பாகத்தான் தோன்றும்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. நெதர்லாந்தின் இதயநோய் மருத்துவர் பிம் வான் லோமலும் அவருடைய குழுவினரும், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரைப் பத்து மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2001இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 62 பேர் இத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள். அதைவிட என்னை நிறுத்திப் படிக்கவைத்தது, இரண்டு ஆண்டுகள் கழித்தும் எட்டு ஆண்டுகள் கழித்தும் அவர்களை மீண்டும் தேடிச் சென்று கேட்டதுதான். மரண பயம் குறைந்திருந்தது. பிறர்மீது பரிவு கூடியிருந்தது. அந்த மாற்றம் காலப்போக்கில் மங்காமல், எட்டாம் ஆண்டில் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. இது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "எட்டு வருஷமா?" என்றாள்.

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை

ஊரில் இருக்கும் மூன்று சென்ட் இடத்துக்காகப் பதினோரு ஆண்டுகளாக நானும் தம்பியும் பேசாமல் இருந்தோம். சென்ற வாரம் நான் போய், அவன் கேட்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். விட்டுக்கொடுக்க வேண்டுமானால் கையில் பிடித்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடம் யாருடையதோ போல ஆகிவிட்டிருந்தது. வீட்டில் ஒரு சொல் கேட்காமல் செய்தேன் என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அவள் சத்தம் போடவில்லை. காய் நறுக்கிக்கொண்டே, "உங்களுக்குப் பயம் போயிடுச்சு. எனக்கு இப்பத்தான் வந்திருக்கு" என்றாள்.

1988இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஏ. ஜே. அயருக்கு இதயம் நான்கு நிமிடங்கள் நின்று மீண்டது. வாழ்நாள் முழுவதும் நாத்திகராக இருந்தவர், தாம் கண்ட செந்நிற ஒளியைப் பற்றி செய்தித்தாளில் எழுதினார். கடைசிவரை நாத்திகராகவே இருந்தார். இறந்துவந்த பிறகு மனிதர் எவ்வளவோ நல்லவராகிவிட்டார் என்று அவருடைய மனைவி நண்பரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். அந்த வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தேன், இங்கே எடுபடவில்லை.

2024 மார்ச் 9, சனிக்கிழமை

இன்று காலை சொக்கப்ப நாயக்கன் தெருவுக்கு நடந்தே போனேன். மீனாட்சி கோயிலுக்கு எத்தனையோ முறை வந்திருந்தும், அருகிலேயே இருக்கும் அந்த வீட்டுக்குள் நுழைந்தது இதுவே முதல்முறை. பின்னாளில் ரமண மகரிஷியான வேங்கடராமனை, 1896 ஜூலையில், பதினாறு வயதில், மரண பயம் பிடித்தது இந்த வீட்டு மாடியில்தான். நோய் ஏதும் இல்லை. ஆயினும் சாகப்போகிறோம் என்ற எண்ணம் திடீரென்று வந்தது. யாரையும் கூப்பிடாமல் பிணம்போல் விறைத்துப் படுத்து, இந்த உடம்பை எரித்துவிட்டால் நானும் முடிந்துபோவேனா என்று தனக்குள்ளேயே பார்த்து, உடம்போடு போகாத ஒன்றைக் கண்டதாகப் பின்னாளில் ரமணராகச் சொன்னார். என்னைப் போல மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கப்பட்டவரல்லர் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பார்களா என்று கேட்கலாம். ஆனால் பின்விளைவுகளைப் பார்த்தால் எனக்கு உடனே இனம் தெரிந்துவிடுகிறது.

படிப்பிலும் விளையாட்டிலும் நாட்டம் போயிற்று. எந்த உணவு வைத்தாலும் ஒன்றாகவே இருந்தது. சீண்டியவர்களை முன்பு திருப்பி அடித்த பையன், இப்போது பொறுத்துக்கொண்டான். எப்போதாவது போன கோயிலுக்கு மாலைதோறும் தனியே போய், அறுபத்துமூவர் முன் நின்று காரணம் புரியாமல் கண்ணீர் விட்டான். (நான் எதிர்வீட்டுப் பெண் சைக்கிள் பழகுவதைப் பார்த்து அழுதேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.) ஆறு வாரங்களில், ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிட்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துக் கிளம்பினான், செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் இருந்தான். "நான்" என்று தொடங்கும் அந்தக் கடிதம், அடுத்த வாக்கியத்திலேயே தன்னை "இது" என்று சுட்டி, அஃறிணை வினை கொண்டு முடிகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. மூன்று சென்ட் இடத்துக்குக் கையெழுத்திட்டபோது என் பெயர் எனக்கு எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதை அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் படியிறங்கும்போது மனம் போனது மானாமதுரையில் இருந்த அழகம்மாளிடம். அந்தத் தாய்க்கு மகன் இருக்கும் இடம் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. 1898 இறுதியில் திருவண்ணாமலையின் பவளக்குன்றுக்கு வந்து, நாள்கணக்கில் அழுது அழைத்தும் மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில், நடப்பது நடந்தே தீரும் என்ற பொருள்படத் தாளில் எழுதிக் கொடுத்தார். அழகம்மாள் வெறுங்கையோடு திரும்பினார். 1916இல்தான் மகனோடு தங்க வந்தார். 1922இல் அவர் மடியும்வரை மகன் தலையிலும் நெஞ்சிலும் கை வைத்து அருகிலேயே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி நூல்களில் அதிகம் இல்லை. ஞானம் கிடைத்தவரின் வரலாறு அது. கடிதம் கிடைத்தவர்களின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

2024 மார்ச் 27, புதன்கிழமை

உறக்கமில்லை. உண்மை ஒன்றை மறைத்துக்கொண்டே இவ்வளவும் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்தக் கிணற்றடிக்குப் போக ஏக்கமாக இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணமல்ல. விடுதியில் படித்த காலத்தில் ஞாயிறு மாலை வருமே, வீட்டு நினைப்பு, அது. இருப்பது என் சொந்த வீடு, அடுத்த கட்டிலில் உறங்குபவள் என் மனைவி என்பதால்தான் சொல்ல முடியவில்லை.

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை

புத்தாண்டு. வேப்பம்பூ வறுக்கும் மணம் வந்துகொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் உட்கார்ந்து, அன்று அவசரப் பிரிவுக்கு வெளியே அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஐந்து மாதங்களில் நான் இதைக் கேட்டதே இல்லை என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள். ஒரு செவிலியர் வெளியே வந்து, என் கடிகாரம், மோதிரம், செருப்பு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுத்திருக்கிறார். எதற்குத் தருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. செருப்போடு மோதிரத்தைப் போட்டுவிட்டார்களே என்று தோன்றியதாம். பையைப் பிரித்து மோதிரத்தை எடுத்துத் தன் பெருவிரலில் மாட்டிக்கொண்டாளாம். கதவு மீண்டும் திறக்கும்வரை அதைச் சுழற்றிக்கொண்டே நின்றிருக்கிறாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம், அதைப் பார்க்கவே பிடிக்காமல் பைக்குள் தலைகீழாகத் திருப்பி வைத்தாளாம்.

பிறகு நான் கிணற்றைச் சொன்னேன். மார்ச் 27ஆம் தேதி எழுதியதையும் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி இறைச்சது யாருன்னு கடைசிவரைக்கும் திரும்பிப் பார்க்கலயா?" என்றாள். இல்லை என்றேன்.

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, பச்சடியில் வெல்லம் போதுமா என்று பார்க்கச் சொல்லி என் உள்ளங்கையில் ஒரு கரண்டி விட்டாள்.